279 என்ற ஆட்டத்தை எங்கே வைப்பது? இன்டர்நெட் ஆர்க்கைவ் சேவை: ஒரு மதிப்புரை

என் சித்தப்பா 1970களிலும் 80களிலும் சிங்கப்பூரில் போலிங் ஆடியவர். கிரிக்கெட்டில் பந்து வீசுவதை நான் சொல்லவில்லை. அறுபது அடி நீளமுள்ள வழுவழுப்பான மரத்தளத்தில் கனத்த பந்தை உருட்டி, எதிர்முனையில் முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்களை வீழ்த்தும் விளையாட்டைச் சொல்கிறேன். நிறுவனங்களுக்கிடையே நடந்த லீக் ஆட்டங்களிலும் கிளப் போட்டிகளிலும் பலமுறை வாகை சூடிய அவருக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. மணிக்கட்டு வலி காரணமாக அவர் ஆட்டத்தை நிறுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. போன ஆண்டு அவரும் சித்தியும் சிறிய வீட்டுக்குக் குடிபெயர வேண்டிவந்தபோது, முப்பத்தொரு கோப்பைகள், ஒரு பிஸ்கட் டின் நிறையப் புகைப்படங்கள், காலணிப் பெட்டியில் கட்டிவைத்த புள்ளித்தாள்கள், மூன்று வீடியோ நாடாக்கள் ஆகியவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. கோப்பைகளில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடச் சித்தப்பா ஒப்புக்கொண்டார். தாள்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. அவற்றை இணையத்தில் சேர்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்காகப் பதினான்கு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் சேவையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் சாதனைகளைக் காப்பாற்றப் பலர் இருக்கிறார்கள். சிங்கப்பூரர்களில் 1985இல் சோல் நகரில் போலிங் உலகக் கோப்பையை வென்ற அடலின் வீயின் பெயரும், 2002 பூசான் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் பெற்ற ரெமி ஓங்கின் பெயரும் நாளிதழ்களிலும் விளையாட்டு அமைப்புகளின் பதிவுகளிலும் இருக்கின்றன. நான்கு முறை உலகக் கோப்பையை வென்ற பிலிப்பைன்ஸ் நாட்டின் பாயெங் நெப்போமுசேனோவைப் பற்றித் தேடினால் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். ஆனால் பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு லீக் ஆட்டத்துக்குப் போன ஒரு கிளப் வாகையரின் சாதனை, அவருடைய காலணிப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் இருந்த ஜாக்கீஸ் போல் போன்ற கூடங்கள் மூடப்பட்டபோது, அவற்றின் சுவர்களில் தொங்கிய அதிகப் புள்ளிப் பட்டியல்களும் போய்விட்டன. இந்த விளையாட்டை இங்கே வளர்த்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள்தான் என்பதால், இந்த இழப்பை நான் சிறியதாக நினைக்கவில்லை.

முதலில் வேறு வழிகளையும் பார்த்தேன். சமூக ஊடகத்தில் போட்டால் உறவினர்கள் ஒரு வாரம் பாராட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு குறிப்பிட்ட புள்ளித்தாளைத் தேடினால் கிடைக்காது. சொந்தப் பெயரில் இணையதளம் வைத்தால் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டுபவர் ஒருமுறை மறந்தாலோ மறைந்தாலோ தளமும் மறைந்துவிடும். இலவசமாகக் கிடைத்த ஜியோசிட்டீஸ் தளத்தில் அக்காலத்தில் எத்தனையோ பேர் குடும்பப் பக்கங்களை வைத்திருந்தார்கள். 2009இல் யாகூ அதை மூடியது. கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. விக்கிப்பீடியா தனிப்பட்ட நினைவுகளுக்கான இடம் அன்று. மற்றவர்கள் ஏற்கெனவே வெளியிட்ட சான்றுகளின்மேல்தான் அங்கே கட்டுரை நிற்க முடியும், அது நியாயமும்கூட. எனக்குத் தேவைப்பட்டது மூலக் கோப்புகளை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றின் விவரத்தை அவற்றோடு சேர்த்துக் காட்டி, நான் இல்லாத காலத்திலும் யாரிடமும் கட்டணம் கேட்காத ஓர் இடம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இலாப நோக்கற்ற எண்ணிம நூலகம். சான் பிரான்சிஸ்கோவில் முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடம் அதன் தலைமையகம். பழைய இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் வேபேக் மெஷின் என்ற வசதியால்தான் பலருக்கு அதைத் தெரியும். ஆனால் மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தால் எவரும் இலவசக் கணக்குத் தொடங்கி, தாள், படம், ஒலி, ஒளிப்பதிவு ஆகியவற்றை அங்கே சேர்த்து வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. நன்கொடையாலும், நூலகங்களுக்குச் செய்துகொடுக்கும் பணிகளுக்குப் பெறும் கட்டணத்தாலும் நடக்கும் அமைப்பு அது.

நான் முதலில் சேர்த்தது ஒரு புள்ளித்தாளை. இன்றைய கூடங்களில் கணினியே புள்ளி கணக்கிட்டுத் திரையில் காட்டிவிடுகிறது. சித்தப்பா ஆடிய காலத்தில், விளக்கொளி உள்ள மேசைமேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து மெழுகுப் பென்சிலால் கையால் எழுதுவார்கள். அது பெரிதாகித் தலைக்கு மேலே இருக்கும் திரையில் விழும். அப்படிப்பட்ட ஒரு தாளைத்தான் அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருந்தார். ஓரங்கள் பழுத்துப்போயிருந்தன, ஒரு மூலையில் காப்பிக் கறை. ஓர் ஆட்டத்துக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு இரண்டு பந்து வரை. முதல் கட்டத்தில் 9 என்றும் அதன் பக்கத்தில் ஒரு சிறு கோடும் இருந்தன. அதாவது முதல் பந்தில் ஒன்பது பின்கள் வீழ்ந்தன. எஞ்சிய ஒற்றைப் பின்னை இரண்டாவது பந்து தொடவில்லை. அதற்குப் பிறகு வரிசையாகப் பெருக்கல் குறிகள். ஒரே பந்தில் பத்துப் பின்களும் வீழ்வதை ஸ்டிரைக் என்பார்கள்; அதற்குப் பத்தோடு அடுத்த இரண்டு பந்துகளின் புள்ளியும் சேரும், பத்தாம் கட்டத்தில் எடுத்தால் இரண்டு கூடுதல் பந்துகள் கிடைக்கும். இரண்டாம் கட்டத்திலிருந்து பத்தாம் கட்டத்தின் கடைசிப் பந்து வரை பதினொரு ஸ்டிரைக். மொத்தம் 279. அந்த ஒற்றைப் பின் மட்டும் வீழ்ந்திருந்தால், அடுத்த பந்தின் பத்தும் சேர்ந்து 290 ஆகியிருக்கும். “ஒரு பின்னுக்குப் பதினொரு புள்ளி போச்சு” என்று சித்தப்பா இப்போதும் சொல்வார். அந்த ஆட்டம் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை.

இந்தத் தாளை நான் சேர்த்த விதத்திலேயே சேவையின் நல்லதும் கெட்டதும் தெரிந்துவிட்டன. ஒளி ஊடுருவும் தாள் என்பதால், பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தேன். பெரிய கோப்புதான்; இருந்தும் சேவை அதைச் சுருக்கவில்லை, தரத்தைக் குறைக்கவில்லை. பார்வையாளருக்காகச் சிறிய படம் ஒன்றைத் தானே உருவாக்கிக்கொண்டது. நான் கொடுத்த மூலக் கோப்பும் எவரும் பதிவிறக்கும்படி அதே பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்கிட்டுப் பட்டியலில் வைக்கிறது. பத்து ஆண்டு கழித்துப் பதிவிறக்குபவர், அது ஓர் எழுத்துக்கூட மாறாத அதே கோப்புதானா என்று அந்த எண்ணை ஒப்பிட்டு அறியலாம். படங்களை எடுத்துக்கொண்டு தரத்தைக் குறைத்துத் திருப்பித் தரும் தளங்களுக்கே பழகிப்போன எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

தலைப்பு, விவரம், தேதி, மொழி, குறிச்சொற்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பதிவேற்றும் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தாலும், அந்தக் கட்டங்களில் தமிழில் எழுதினால் சிக்கலின்றி ஏற்றுக்கொள்கிறது. தமிழில் தேடினாலும் அந்தப் பொருள் கிடைக்கிறது. நான் ஒவ்வொரு விவரத்தையும் தமிழில் முதலிலும் ஆங்கிலத்தில் அடுத்தும் எழுதினேன். அச்செழுத்துள்ள தாள்களைத் தானே படித்துத் தேடத்தக்கதாக மாற்றும் எழுத்துணரியும் உண்டு. சான்றிதழ்களிலும் போட்டி நிரல்களிலும் அது நன்றாகவே வேலை செய்தது. மெழுகுப் பென்சில் எழுத்தை அது படிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதை மனிதர்தான் படித்து எழுத வேண்டும்.

என்ன எழுத வேண்டும் என்பதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது, அது வீண்போகவில்லை. போலிங்கில் புள்ளியை மட்டும் எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்கு அது பொய்யான எண்ணாகிவிடும். சித்தப்பா ஆடத் தொடங்கியபோது பந்துகள் ரப்பராலும் பாலியெஸ்டராலும் ஆனவை. 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் பந்துகள் வந்தன. 1990களின் தொடக்கத்தில் வந்த ரெசின் பந்துகள், எண்ணெய் பூசிய தளத்தையும் நன்றாகப் பற்றித் திரும்பி, பின்களுக்குள் முன்னைவிடக் கூர்மையாக நுழைந்தன. மேப்பிள், பைன் மரத் தளங்களின் இடத்தைச் செயற்கைத் தளங்கள் பிடித்தன. ஆகவே மரத்தளத்தில் ரப்பர் பந்தால் எடுத்த 200ஐயும் இன்றைய 200ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. கணக்கிடும் முறையே சில போட்டிகளில் மாறியிருக்கிறது. உலக அமைப்பு கொண்டுவந்த புதிய முறையில் ஒரு ஸ்டிரைக்குக்கு உடனே 30 புள்ளி. பத்தாவது கட்டத்தில் கூடுதல் பந்து கிடையாது. அந்த முறையில் முதல் கட்டத்தில் 9 எடுத்தவர் ஒன்பது ஸ்டிரைக்கிலேயே 279ஐத் தொட்டுவிடுவார். சித்தப்பாவுக்குப் பதினொன்று தேவைப்பட்டது. எண் ஒன்றுதான், ஆட்டம் ஒன்றல்ல. எண்ணைப் பட்டியலிடுவதோடு நிற்காமல் தாளின் படத்தையே சேர்த்து, பந்து எது, தளம் எது, எத்தனையாவது லேன் (பந்து உருட்டும் தடம்), யார் புள்ளி எழுதினார் என்பதையெல்லாம் விவரத்தில் சொல்ல இடமளிப்பதால்தான் இந்தச் சேவையை நான் மற்றவற்றுக்கு மேலே வைக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இணைய முகவரியில் வரும் அடையாளப் பெயர் ஒன்றை முதலிலேயே தர வேண்டும். அது ஆங்கில எழுத்து, எண், கோடு புள்ளி போன்ற சில குறிகள் ஆகியவற்றால்தான் அமைய முடியும். ஒருமுறை தந்துவிட்டால் மாற்ற முடியாது. சேர்த்த நொடியிலிருந்து எல்லாம் பொதுவில் தெரியும். குடும்பத்தார் மட்டும் பார்க்கும்படி மூடி வைக்கும் வசதியை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துபோவார். சோதனைக்கென்று ஒரு தொகுப்பு இருக்கிறது. அதில் போடுபவை ஏறத்தாழ ஒரு மாதத்தில் நீக்கப்பட்டுவிடும். புதிதாக வருபவர்கள் முதல் இரண்டு மூன்று பொருள்களை அங்கே போட்டுப் பழகிவிட்டு உண்மைச் சேர்க்கையைத் தொடங்குவது நல்லது.

பொதுவில் தெரியும் என்பதால் சேர்க்குமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. பழைய உறுப்பினர் அட்டைகளிலும் சில சான்றிதழ்களிலும் அடையாள அட்டை எண் அச்சாகியிருந்தது. அவற்றை மறைத்த பிறகே சேர்த்தேன். குழுப் படங்களில் இருந்தவர்களில் தொடர்புகொள்ள முடிந்தவர்களிடம் சித்தப்பாவே தொலைபேசியில் பேசி ஒப்புதல் கேட்டார்; ஒருவர் வேண்டாம் என்றார், அந்தப் படத்தை விட்டுவிட்டோம். செய்தித்தாள் நறுக்குகளின் பதிப்புரிமை நாளிதழுக்கு உரியது. ஆகவே அவற்றைச் சேர்க்காமல், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அதே செய்தியைத் தேடிப்பிடித்து, அதன் நிலையான இணைப்பை விவரத்தில் கொடுத்தேன். ஆங்கில நாளிதழ்களோடு தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே இருக்கின்றன. பிற்காலத்து இதழ்களில் சிலவற்றை நூலகத்துக்குப் போய்த்தான் படிக்க முடியும். விளையாட்டுப் பக்கங்களில் தேடும்போது பெயரின் எழுத்துகளை நான்கைந்து விதமாக மாற்றிப் பார்க்க வேண்டும். என் தாத்தாவின் பெயர் சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் வந்திருந்தது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையானதாக இராது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது, சுமார் 3.1 கோடிக் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகளும் மறைகுறியாக்கப்பட்ட கடவுச்சொற்களும் திருடப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. தளம் சில நாள் முடங்கி, பிறகு படிப்படியாகத் திரும்பியது. புத்தகங்களை இரவல் கொடுப்பது தொடர்பாகப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அது தோற்றது. சேர்த்து வைத்த கோப்புகள் அந்தத் தாக்குதலில் அழியவில்லை என்றாலும், எந்த ஒரு நிறுவனத்தையும் மட்டும் நம்பி மூலத்தைக் கைவிடக் கூடாது என்பதற்கு இவையே போதும். நான் எல்லாக் கோப்புகளையும் இரண்டு வன்தட்டுகளில் வைத்திருக்கிறேன். ஒன்று என் வீட்டில், இன்னொன்று கோலாலம்பூரில் இருக்கும் அத்தை மகளிடம். கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாததாக வைப்பதும் கட்டாயம்.

ஸ்கேன் வேலையை வெளியே கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் பிஸ்கட் டின்னில் இருந்த படங்களை ஒரு கடையில் கொடுத்தேன். படங்கள் பளிச்சென்று வந்தன. ஆனால் பின்பக்கங்களை எவரும் ஸ்கேன் செய்யவில்லை, வெள்ளை ஓரங்களையும் வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பின்பக்கங்களில்தான் எல்லாமே இருந்தன. ஒரு படத்தின் பின்னால் சித்தியின் கையெழுத்தில், “மூன்று ஆட்டம் 641. மழை. டாக்சி கிடைக்கவில்லை, நடந்தே வந்தார்” என்று பென்சிலில் எழுதியிருந்தது. முன்பக்கத்தில் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் இளைஞர் அன்றிரவு அந்தக் கோப்பையைச் சுமந்துகொண்டு மழையில் நடந்து வந்தவர் என்பது இந்த ஒரு வரியால்தான் தெரிகிறது. பிறகு நானே உட்கார்ந்து முன்னும் பின்னுமாக இருநூற்றுப் பன்னிரண்டு படங்களை ஸ்கேன் செய்தேன். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரே பொருளுக்குள் பல கோப்புகளை வைக்க முடியும். படத்தின் இரு பக்கங்களும் பிரியாமல் அதனால்தான் இருக்கின்றன.

வீடியோ நாடாக்களில் இரண்டு பிழைத்தன. மூன்றாவதில் பூஞ்சை பிடித்துவிட்டது. பிழைத்தவற்றை எண்ணிமமாக்கிச் சேர்த்தபோது, எந்த உலாவியிலும் ஓடக்கூடிய வடிவம் ஒன்றைச் சேவை தானாகவே உருவாக்கித் தந்தது.

வேபேக் மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்தப்பா பிற்காலத்தில் பயிற்சியளித்த ஒரு சிறு கிளப்புக்கு 2000களின் தொடக்கத்தில் இணையப் பக்கம் இருந்தது. அது மறைந்து பல ஆண்டுகளாகின்றன. பழைய முகவரியை வேபேக்கில் இட்டபோது மூன்று பக்கங்கள் கிடைத்தன. படங்கள் இல்லை, ஆனால் ஒரு பருவத்தின் சராசரிப் பட்டியல் முழுமையாக இருந்தது. சித்தப்பா கையைப் பிடித்துப் பந்து உருட்டக் கற்றுக்கொடுத்த பிள்ளைகளின் பெயர்களை அதில் அவர் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். இப்போது இணையத்தில் இருக்கும் பக்கங்களையும் நாமே அங்கே பதிந்து வைக்கலாம். முகவரியைக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருந்தவற்றை அப்படிப் பதிந்துவைத்தேன்.

எல்லாவற்றிலும் எனக்கு நிறைவளித்தது ஒலிப்பதிவுதான். சனிக்கிழமைகளில் ஒரு புள்ளித்தாளையோ படத்தையோ அவர் கையில் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் பதிவு செய்வேன். “அன்றைக்கு எப்படி ஆடினீர்கள்?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்லா ஆடினேன்” என்பதோடு நின்றுவிடுவார். தாள் கையில் இருந்தால், ஆறாவது கட்டத்தில் பந்து சற்று உள்ளே போனதையும், அதற்கடுத்த பந்துக்கு அரை அடி இடப்பக்கம் நகர்ந்து நின்றதையும், பக்கத்து லேன்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கியதையும் தானாகவே சொல்வார். பதினைந்து இருபது நிமிடப் பதிவுகளாக இதுவரை ஒன்பது சேர்ந்திருக்கின்றன. உரிய தாளின் பக்கத்திலேயே அந்தந்தப் பதிவும் இருக்கிறது. தாளைப் பார்த்துக்கொண்டே குரலைக் கேட்க முடிவது, ஆடியவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கிறது.

ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தருவேன். மாற்ற முடியாத அடையாளப் பெயருக்கும், தமிழ் இடைமுகம் இல்லாததற்கும் அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன். அழகிய பக்க வடிவமைப்போ, உறவினர்கள் வாழ்த்து எழுதும் ஏற்பாடோ தேவைப்படுபவர்கள் ஒரு வலைப்பூவைத் தனியாகத் தொடங்கி, கோப்புகளை மட்டும் இங்கே வைத்து இணைப்புக் கொடுக்கலாம். நாங்களும் அப்படித்தான் செய்யப்போகிறோம். வயதான ஆட்டக்காரர் ஒருவர் வீட்டில் இருப்பவர்கள் வடிவமைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே பெட்டியைத் திறந்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

போன வாரம் 279 ஆட்டத்தின் பதிவை அவரே முதல்முறையாக முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும், “பதினேழாவது லேன்னு எழுதியிருக்கே. பதினெட்டுடா. பதினேழுல தளம் கொஞ்சம் எழும்பியிருக்கும், நான் அங்க ஆடவே மாட்டேன்” என்றார். விவரத்தை அப்போதே திருத்தினேன். அவரிடமே கைப்பேசியைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். முகவரியில் மட்டும் பதினேழு அப்படியே இருக்கிறது. அது ஏன் என்று விவரத்தின் கடைசி வரியில், அவர் சொன்ன சொற்களிலேயே, எழுதி வைத்திருக்கிறேன்.